கோவையிலிருந்து வந்த அட்டைப்பெட்டி: பழைய ஹை-ஃபை துணைப்பொருட்கள் வாங்கிய முழுக் கணக்கு

போன வருடம் தை மாதம் கோவைக்குப் போய் ஒரு அட்டைப்பெட்டி நிறைய ஹை-ஃபை துணைப்பொருட்கள் வாங்கி வந்தேன். மொத்தமாக 40,000 ரூபாய். உள்ளே ஐந்து பொருட்கள்: டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜ் ஒன்று (இசைத்தட்டில் ஓடும் ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் பாகம்), அதன் மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர், பெயர்பெற்ற கம்பெனியின் ஒரு மீட்டர் ஆர்சிஏ கேபிள் ஒரு ஜோடி, மின்சாரத்தைச் சீராக்கிக் கருவிகளைக் காக்கும், அமெரிக்காவிலிருந்து வந்த பவர் கண்டிஷனர், அப்புறம் ஊசி தட்டில் எவ்வளவு கனத்தோடு உட்காருகிறது என்று பார்க்கும் சின்னத் தராசு. விற்றவர் என்னை ஏமாற்றவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய பொருள் வாங்கி நஷ்டப்பட்ட கதை என்றாலே விற்றவன் திருடன் என்றுதான் எல்லோரும் படிக்கத் தொடங்குவார்கள். இவர் நேர்மையான மனிதர். நானும் பத்துப் பன்னிரண்டு வருடமாக இந்தப் பொருட்களோடு புழங்குகிறவன். அப்படியும் 40,000-இல் பாதி உதவாத பொருளுக்குப் போனது. அது எங்கே, எப்படிப் போனது என்பதைப் பொருள் பொருளாக எழுதி வைக்கிறேன்.

பழைய பொருளுக்கு நாம் கொடுக்கிற விலை அதில் மிச்சமிருக்கிற ஆயுளுக்குத்தான். கம்பெனிப் பெயர், பெட்டி, பில், பளபளப்பு எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரவேண்டும். இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும் அந்த ஆயுளை அளக்காமல், ஒருவர் வாயால் சொன்னதை எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டேன்.

எதற்காக இந்தக் கார்ட்ரிட்ஜ்

என்னிடம் இருக்கிற டர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி) டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2, 1979-இல் வந்த மாடல். அதில் ஆர்டோஃபான் 2எம் பிரான்ஸ் (Bronze) போட்டிருந்தேன். நல்ல கார்ட்ரிட்ஜ், குறை ஒன்றும் இல்லை. ஆனால் என் சேகரிப்பில் பெரும்பாலானவை பழைய இந்தியத் தட்டுகள், அதிலும் நாதஸ்வரமும் வாய்ப்பாட்டும். ஒரு நண்பர் வீட்டில் டிஎல்-103-இல் அதே மாதிரித் தட்டுகளைக் கேட்டபோது குரலுக்கு ஒரு சதைப்பற்று இருந்தது. அதிலிருந்து மனம் அதையே சுற்றி வந்தது.

டிஎல்-103 ஜப்பானில் 1960-களின் தொடக்கத்தில், ஒலிபரப்பு நிலையங்களின் தேவைக்காக அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயோடு சேர்ந்து உருவாக்கப்பட்டது. அதே பெயரில் இன்றும் தயாராகிறது. மூவிங் காயில் வகை, அதாவது ஊசியோடு சேர்ந்து கம்பிச்சுருள் அசையும். 16.5 மைக்ரான் உருண்டை முனை ஊசி, வெளியீடு 0.3 மில்லிவோல்ட்தான், காயில் 40 ஓம், எடை 8.5 கிராம், ஊசி தட்டில் 2.5 கிராம் கனத்தில் ஓட வேண்டும். கவனிக்க வேண்டியது, இதில் ஊசியை மட்டும் கழற்றி மாற்ற முடியாது. 2எம் மாதிரி, காந்தம் அசைகிற மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜில் ஊசி தேய்ந்தால் இழுத்து எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகிவிடலாம். இதில் ஊசி தேய்ந்தால் கார்ட்ரிட்ஜே முடிந்தது, அல்லது வெளிநாட்டில் இருக்கிற ஒரு சிலரிடம் அனுப்பிப் புது ஊசி பதிக்க வேண்டும்.

கார்ட்ரிட்ஜைத் தாங்குகிற என் ஆர்முக்கு இது பொருந்துமா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். ஆர்மின் எடையும் கார்ட்ரிட்ஜின் நெகிழ்வும் சேர்ந்து தாழ்ந்த அதிர்வெண் ஒன்றில் ஆட்டம் கொடுக்கும், அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழுந்தால் நல்லது. 159-ஐ, எடையையும் நெகிழ்வையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து வருகிற எண்ணால் வகுக்க வேண்டும். டெக்னிக்ஸ் ஆர்ம் 12 கிராம், கார்ட்ரிட்ஜ் 8.5, திருகுகள் ஒரு கிராம், ஆக 21.5. டெனான் தரும் நெகிழ்வு 5, ஆனால் அது 100 ஹெர்ட்ஸில் அளந்தது. 10 ஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ இரட்டிப்பாக, 10 என்று வைத்துக்கொள்வது வழக்கம். கணக்கு 10.8 ஹெர்ட்ஸ் வருகிறது, நடுமையம். இதே கணக்கில் என் பிரான்ஸ் 7.5-இல் நிற்கிறது. ஆக, தொழில்நுட்பமாகப் பார்த்தால் என் தேர்வில் தவறில்லை. தவறு வேறு இடத்தில்.

சாயிபாபா காலனியில் ஒரு காலை

சென்னையிலிருந்து சேரன் எக்ஸ்பிரஸில் போய் விடிகாலையில் இறங்கினேன். கூரியரில் அனுப்பச் சொல்லியிருக்கலாம், ஆனால் ஊசியைத் தாங்குகிற மெல்லிய தண்டு (கேண்டிலீவர்) வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பொருளைக் கூரியரில் வரவழைக்க எனக்கு மனம் வராது. அதுவும் நேரில் கேட்டுப் பார்க்கலாமே என்பதுதான் பெரிய காரணம்.

விற்ற பெரியவருக்கு 74 வயது. தட்டுகளை உறையிலிருந்து எடுக்கிற விதத்திலேயே தெரிந்தது, பொருளை மதிக்கிறவர். விற்பதற்குக் காரணம் கை நடுக்கம். கார்ட்ரிட்ஜின் பின்னால் இருக்கிற நான்கு பொடி ஒயர்களை இடுக்கியால் பிடித்துச் செருகுவது இனி முடியாது என்று, ஊசி கழற்றி மாட்டுகிற சாதாரண மாடலுக்கு மாறப்போகிறார். ஒன்றிரண்டாக விற்காமல் மொத்தமாக ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் விருப்பம்.

"எத்தனை மணி நேரம் ஓடியிருக்கும் சார்?"

"அதிகமில்லீங்க தம்பி. முந்நூறு, நானூறு இருக்கும். ஞாயித்துக்கெழம மட்டுந்தானுங்க போடுவேன்."

ஒரு நாதஸ்வரத் தட்டைப் போட்டார். முதல் உருப்படியைக் கேட்டோம். கூடம் நிறைந்தது. எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அவர் வீட்டம்மா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே மனக்கணக்குப் போட்டேன். புதியது எனக்கு 32,000-க்குக் கிடைக்கும். ஊசியைச் சுத்தமாக வைத்திருந்தால் 1,000 மணி நேரம் வரை உழைக்கும் என்பது ஆர்டோஃபான் தருகிற அளவு. அதை மேல்வரம்பாக எடுத்துக்கொண்டால் மணிக்கு 32 ரூபாய். 300 மணி ஓடியது என்றால் மிச்சம் 700, அதாவது 22,400 ரூபாய் ஆயுள். அவர் கேட்ட மொத்தத் தொகையில் கார்ட்ரிட்ஜுக்கு 16,000 என்று நான் பிரித்துக்கொண்டேன். டிரான்ஸ்ஃபார்மருக்கு 13,000, கேபிளுக்கு 6,000, கண்டிஷனருக்கு 4,000, தராசுக்கு 1,000. எல்லாமே மலிவு என்று தோன்றியது. பேரம்கூடப் பெரிதாகப் பேசவில்லை.

அந்த அறையில் செய்யாமல் விட்டது இரண்டு. அந்த இரண்டும்தான் என் 16,000 ரூபாய்.

ஒன்று, முதல் உருப்படியோடு நிறுத்தியது. தட்டு சுற்றும் வேகம் ஒன்றுதான், நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஆனால் ஊசிக்கு அடியில் பள்ளம் ஓடுகிற வேகம் ஒன்றல்ல. வெளி ஓரத்தில் நொடிக்கு ஏறத்தாழ 51 செ.மீ., உள்ளே லேபிளை நெருங்கும்போது 21 செ.மீ. அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் நெருக்கி அடைக்கப்பட்டிருக்கும். ஊசி தேய்ந்திருந்தால் வெளி ஓரத்தில் சமாளித்துவிடும், உள்ளே போகப் போகத்தான் காட்டிக்கொடுக்கும். பழைய கார்ட்ரிட்ஜைக் கேட்டுப் பார்க்கப் போகிறவர்கள் பக்கத்தின் கடைசி உருப்படியைத்தான் போடச் சொல்ல வேண்டும். அதிலும் "ச", "ஷ" நிறைய வருகிற குரலோ, உச்சத்தில் வீறிடுகிற நாதஸ்வரமோ இருந்தால் ரொம்ப நல்லது.

இரண்டு, "எப்போது வாங்கியது?" என்று நான் கேட்கவே இல்லை. இதற்குப் பிறகு வருகிறேன்.

நுண்ணோக்கியில் பார்த்தது

சென்னை வந்து, ஆர்மின் முனையில் கழற்றி மாட்டுகிற ஹெட்ஷெல்லில் பொருத்தி, டெக்னிக்ஸ் சொல்கிற 52 மி.மீ. அளவில் ஊசியை நிறுத்தி, வாங்கி வந்த தராசிலேயே 2.5 கிராம் வைத்துப் போட்டேன். முதல் பதினைந்து நிமிடம் நான் எதிர்பார்த்த அதே சுகம். பக்கம் முடிகிற இடத்தில் நாதஸ்வரம் மேலே ஏறியதும் ஓலைப்பாயைக் கிழிக்கிற மாதிரி ஒரு சிராய்ப்பு. பொருத்தியதில்தான் கோளாறு என்று நினைத்தேன். கோணத்தை மறுபடி பார்த்தேன், கனத்தை அனுமதிக்கப்பட்ட உச்சமான 2.8 வரை ஏற்றினேன், தட்டைக் கழுவினேன், ஊசியைத் துடைத்தேன். மூன்று இரவு இதே வேலை. வேறு தட்டு, வேறு தட்டு என்று மாற்றியும் கடைசி உருப்படிகளில் எல்லாம் அதே சிராய்ப்பு. பிரான்ஸை மாட்டினால் அதே தட்டுகள் ஒழுங்காகப் பாடின.

நான்காம் நாள் ரிச்சி தெருவில் 2,000 ரூபாய்க்குள் ஒரு யுஎஸ்பி நுண்ணோக்கி வாங்கினேன். பெட்டியில் ஆயிரம் மடங்கு என்று போட்டிருக்கும், அவ்வளவெல்லாம் வராது, வந்தவரை இதற்குப் போதும். ஊசியை நேர் எதிரே நிறுத்தி, ஒரு சின்ன எல்இடி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து மெதுவாக நகர்த்தினேன். புது உருண்டை முனை என்றால் ஒளி ஒரே ஒரு புள்ளியாக, பனித்துளியில் விழுவது போல விழும், விளக்கை நகர்த்த நகர்த்த அதுவும் வழுக்கிக்கொண்டே போகும். இதில் அப்படி இல்லை. ஒரு கோணம்வரை ஒன்றும் தெரியாமல் இருந்து, சட்டென்று முனையின் இடப்பக்கத்தில் ஒரு குட்டிக் கண்ணாடி முழுதாக மின்னி அணைந்தது. விளக்கை மறுபக்கம் கொண்டுபோனேன். வலப்பக்கத்திலும் அதே மாதிரி இன்னொன்று. உருண்டையாக இருக்க வேண்டிய வைரம் பள்ளத்தின் இரண்டு சுவர்களிலும் உரசி உரசி இரண்டு பக்கமும் தட்டையாகியிருந்தது. உளி மாதிரி. ஊசித் தண்டைத் தாங்குகிற ரப்பரும் தளர்ந்து, கார்ட்ரிட்ஜின் வயிறு தட்டைத் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்திருந்ததை அப்போதுதான் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். அதைக் கோவையிலேயே வெறும் கண்ணால் பார்த்திருக்கலாம்.

300 மணி நேரத்தில் இப்படித் தேயாது. போன் போட்டேன். குற்றம் சொல்கிற தொனி வந்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே யோசித்துக்கொண்டு, எப்போது வாங்கினது சார் என்று மட்டும் கேட்டேன். பையன் கல்யாணத்துக்கு முந்தின வருடம் என்றார். பேத்திக்கு இப்போது பத்து வயது. அதாவது குறைந்தது பதினோரு வருடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நேரம் கேட்பீர்கள்? "காலைல ரெண்டு மணி நேரம், சாயந்தரம் ரெண்டு மணி நேரம் இருக்குமுங்க."

வாரம் நான்கு மணி. வருடத்துக்கு 50 ஞாயிறு என்று வைத்தால் 200 மணி. பதினோரு வருடத்துக்கு 2,200 மணி நேரம். இரண்டு ஊசிகளின் ஆயுளை ஒரே ஊசி ஓடித் தீர்த்திருக்கிறது.

அவர் பொய் சொல்லவில்லை. வாரத்தில் ஆறு நாள் மூடி வைத்திருந்த பொருள் அவர் மனதில் "அதிகம் ஓடாத" பொருளாகவே பதிந்திருந்தது, அந்த எண்ணத்துக்கு ஒரு எண்ணிக்கை கேட்டதும் முந்நூறு என்று வந்தது. யாராக இருந்தாலும் அப்படித்தான் வரும். அதனால் இப்போது நான் யாரிடமும் எத்தனை மணி நேரம் என்று கேட்பதில்லை. என்றைக்கு வாங்கினீர்கள், வாரத்தில் எந்த நாட்கள் கேட்பீர்கள், ஒரு உட்காரலில் எத்தனை தட்டு என்று கேட்டு நானே பெருக்கிக்கொள்கிறேன். ஒரு தட்டு இரண்டு பக்கமும் சேர்த்து 40 நிமிடம். தினமும் இரண்டு தட்டு கேட்கிறவருக்கு 1,000 மணி இரண்டே வருடத்தில் முடிந்துவிடும்.

வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) வைத்திருப்பவர்களும் பழைய வால்வு வாங்கும்போது இதே பள்ளத்தில் விழுகிறார்கள். ஆனால் வால்வுக்கு டெஸ்டர் இருக்கிறது, வால்வின் வலு எவ்வளவு மிச்சம் என்று காட்டிவிடும். ஊசிக்கு நுண்ணோக்கியும் காதும்தான்.

பெட்டி பிரிக்காத கண்டிஷனர்

இந்தப் பொருளைப் பற்றி எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அந்தக் கோபம் என் மேல்தான். தங்கை மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததாம், பெரியவர் ஒரு நாள்கூடச் செருகவில்லை. உள்ளே பிளாஸ்டிக் உறைகூடப் பிரியவில்லை. புதுப் பொருள் கால் விலையில் என்று சந்தோஷப்பட்டேன்.

வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால் அடியில் 120 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறது. அவ்வளவு தூரம் ரயிலில் போனவன் பொருளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கவில்லை. சரி, உள்ளே என்ன இருக்கிறது என்று நான்கு திருகைக் கழற்றினேன். நல்ல கட்டமைப்பு, கனமான செம்புப் பட்டைகள், ஒரு வடிகட்டி, அப்புறம் வரிசையாக மூன்று நீல வட்டுகள். எம்ஓவி என்பார்கள், மின்னழுத்தம் திடீரென்று எகிறினால் அதைத் தன் வழியாகக் கடத்திக் கருவிகளைக் காப்பாற்றுகிற பாகம். வட்டின் மேல் பொடி எழுத்தில் 241கே. 24-க்குப் பின்னால் ஒரு பூஜ்யம், அதாவது 240 வோல்ட்டில் கடத்தத் தொடங்கும், தொடர்ந்து தாங்கக்கூடிய ஏசி 150 வோல்ட். நம் ஊர் 230 வோல்ட்டின் உச்சம் 325. செருகியிருந்தால் மின்சாரத்தின் ஒவ்வோர் அலையிலும் அந்த வட்டுகள் கடத்தி, சூடேறி, வெடித்திருக்கும். பியூஸ் போனால் நல்ல காலம். பெரியவர் அதைச் செருகாமல் விட்டதுதான் அவர் வீட்டைக் காப்பாற்றியது. நம் மின்சாரத்துக்கு 431கே அல்லது 471கே இருக்க வேண்டும். வட்டை மட்டும் மாற்றிவிடலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். சாக்கெட்டும் சுவிட்சும் உள் இடைவெளிகளும் 120-க்கு என்று செய்தவை, அதைப் பாதி மாற்றிவிட்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்க எனக்கு முடியாது. ஒதுக்கி வைத்துவிட்டேன்.

வெளிநாட்டிலிருந்து வருகிற எந்தப் பழைய பொருளிலும், கம்பெனி எவ்வளவு பெரியதாக இருந்தாலும், முதலில் பார்க்க வேண்டியது பின்பக்க லேபிள். அமெரிக்கப் பொருள் 120, ஜப்பானியப் பொருள் 100. ஜப்பானிய ஆம்ப்புக்கு ஸ்டெப்-டவுன் வைத்து ஓட்டலாம், பலர் ஓட்டுகிறார்கள். மின் பாதுகாப்புக்கென்றே வாங்குகிற பொருளில் அந்த ஒட்டுவேலை கூடாது.

அந்தக் கண்டிஷனர் செய்ய வேண்டிய வேலையை வேறு வழியில் செய்தேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெயின் போர்டிலிருந்து நேராக ஒரு 16 ஆம்பியர் லைன், சரியான எர்த்தோடு. அதற்கு முன் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 11 வோல்ட் காட்டிக்கொண்டிருந்தது, பழைய எர்த் இணைப்பு துருப்பிடித்துப் போயிருந்தது. வேலை முடிந்ததும் 1.5. என் அமைப்புக்கு நான் செய்தவற்றில் இதைப் போல உருப்படியானது வேறில்லை, இதற்குப் பழைய பொருள் எதுவும் தேவைப்படவும் இல்லை.

டிரான்ஸ்ஃபார்மரும் கேபிளும்

மற்ற பாதிப் பணம் எப்படிப் பிழைத்தது என்றால் இந்த இரண்டால்தான். அதிலும் டிரான்ஸ்ஃபார்மர் தங்கம்.

0.3 மில்லிவோல்ட்டை ஆம்ப்பில் இசைத்தட்டுக்கென்று இருக்கிற சாதாரண ஃபோனோ நுழைவால் வாங்க முடியாது, இன்னும் பத்து மடங்கு வேண்டும். 1:10 டிரான்ஸ்ஃபார்மர் அதை 3 மில்லிவோல்ட் ஆக்குகிறது. ஆம்ப்பின் 47,000 ஓம், சுற்று விகிதத்தின் வர்க்கத்தால், அதாவது நூறால் வகுபட்டு, கார்ட்ரிட்ஜுக்கு 470 ஓமாகத் தெரியும். 40 ஓம் காயிலுக்கு அது தாராளம். இதில் தேய்வதற்கு ஒன்றுமில்லை. செம்புக் கம்பி, உலோக மையம், வெளியே ஒரு தகரப் பெட்டி. முப்பது வருடம் ஆனாலும் சாக்கெட்டில் களிம்பு ஏறியிருக்கும், துடைத்தால் போகும். ஆயுளுக்கு விலை கொடுக்கிறோம் என்று பார்த்தால், பழையதாக வாங்குவதற்கென்றே பிறந்த பொருள் இது.

ஒரே ஒரு எச்சரிக்கை: இதை மல்டிமீட்டரில் ஓம் வைத்துச் சோதிக்காதீர்கள். மீட்டர் உள்ளே விடுகிற நேர்மின்னோட்டம் மையத்தைக் காந்தமாக்கிவிடக்கூடும். நான் செய்தது இது. போனில் 400 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, 10,000 ஓம், 100 ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர்களால் நூறில் ஒரு பங்காகக் குறைத்து 5 மில்லிவோல்ட்டை உள்ளே கொடுத்து, வெளியே வருவதை ஏசி மில்லிவோல்ட்டில் அளந்தேன். இடது 49, வலது 48. இரண்டு பக்கமும் சமம், விகிதமும் சரி. ஆம்ப்புக்குப் பக்கத்தில் வைத்தபோது ஹம் என்கிற ஓயாத ரீங்காரம் வந்தது. அரை மீட்டர் தள்ளி வைத்து, பெட்டியைத் தொண்ணூறு டிகிரி திருப்பியதும் அடங்கியது, ஆம்ப்பின் பவர் டிரான்ஸ்ஃபார்மருடைய காந்தப்புலம்தான் காரணம்.

கேபிள் கதை வேறு மாதிரி. கடை பில் இருந்தது. இந்தப் பெயரில் போலிகள் நிறையப் புழங்குவதால் பில்லை மட்டும் நம்ப முடியாது. பிளக்கின் உறையைக் கழற்றினேன். நான்கு முனைகளில் மூன்றில் சால்டர் வெள்ளிக்காசு போல இருந்தது, ஒன்றில் மங்கிப்போய், சொரசொரவென்று டிரை சால்டர், அதாவது சரியாக ஒட்டாத பற்றவைப்பு. உருக்கி மறுபடி வைத்தேன். அந்த விலைக்கு விற்கிற கம்பெனி கையிலிருந்து அப்படி ஒரு முனை வெளியே போகுமா என்பது என் சந்தேகம், ஆனால் போலி என்று அடித்துச் சொல்ல அது மட்டும் போதாது.

எல்சிஆர் மீட்டரில் கேபிளின் மின்தேக்குத்திறன் (கெப்பாசிட்டன்ஸ்) ஒரு மீட்டருக்கு 310 பிகோஃபாரட் காட்டியது. இந்த எண் முக்கியம். 2எம் பிரான்ஸ் மாதிரி கார்ட்ரிட்ஜ்களுக்கு ஆர்ம் ஒயர், கேபிள், ஆம்ப் எல்லாம் சேர்த்தே 150 முதல் 300-க்குள் இருக்க வேண்டும். இந்தக் கேபிள் ஒன்றே அதைத் தாண்டுகிறது. டர்ன்டேபிளில் மாட்டினால் மேல் ஸ்தாயி முதலில் கூர்மையாகி அப்புறம் சரியும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும். அங்கே நானே அரை மீட்டர் ஆர்ஜி-59 கேபிளில் செய்ததை மாட்டினேன், 40 பிகோஃபாரட்டைத் தாண்டவில்லை. கோவைக் கேபிளைச் சிடி பிளேயருக்கும் ஆம்ப்புக்கும் இடையே போட்டேன். அங்கே வெளியீட்டு மின்தடை 100 ஓம் அளவில்தான், 310 பிகோஃபாரட்டால் வருகிற சரிவு 5 மெகாஹெர்ட்ஸில், காதுக்கு எட்டாத தூரத்தில்.

ஒரு மாலை மகளை உட்காரவைத்து, எனக்குத் தெரியாமல் இந்தக் கேபிளையும் 400 ரூபாய்க் கேபிளையும் மாற்றி மாற்றி மாட்டச் சொல்லிக் கேட்டேன். 12 முறையில் 7 முறை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிச் சொல்லியிருந்தாலே 6 வந்திருக்கும். கேபிள் உறுதியானது, பிளக் இறுகப் பிடிக்கிறது, இன்னும் இருபது வருடம் வரும். 6,000-இல் எனக்குக் கிடைத்தது அதுதான். கேபிளுக்கு நான் இனி அந்த அளவு கொடுக்கமாட்டேன்.

பெரியவர் வந்த நாள்

கண்டிஷனர் விஷயத்தைச் சொன்னதுமே 4,000 ரூபாயை அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டார். "உதவாத சாமானுக்குக் காசு வாங்க மாட்டேனுங்க." கார்ட்ரிட்ஜுக்கும் தருகிறேன் என்றார். நான் வாங்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காதவன் நான், அதற்கு அவர் ஏன் பணம் தரவேண்டும். ஆனால் 2,200 மணி நேரம் என்று கணக்குச் சொன்னதும் அவர் கேட்டது பணத்தைப் பற்றி இல்லை.

"அப்ப என் தட்டெல்லாம் என்னாகியிருக்குமுங்க தம்பி?"

இதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. தட்டையான ஊசி பள்ளத்தில் வழுக்கிப் போகாது, செதுக்கும். உச்ச ஒலிகள் இருக்கிற நெளிவுகளில் சுவரைச் சீவிக்கொண்டே போகும். கடைசி ஆறேழு வருடம் அந்த ஊசி அதைத்தான் செய்திருக்கும். புதிதாக வாங்கிய மெஷின் கரகர என்கிறது, பழைய டெனான் மாதிரி வரவில்லை என்று முந்தின வாரம்தான் அவர் என்னிடம் குறைப்பட்டிருந்தார். மெஷினில் ஒன்றும் இல்லை. சீவப்பட்ட இடத்திலேயே புது உருண்டை ஊசி போய் உட்காருகிறது, அங்கே இருப்பதைப் படிக்கிறது.

சித்திரையில் சென்னைக்கு உறவினர் கல்யாணத்துக்கு வந்தவர் மூன்று தட்டுகளைத் துணிப்பையில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அதற்குள் நான் பணம் சேர்த்துப் புது டிஎல்-103 வாங்கியிருந்தேன். கழுவிவிட்டு முதலில் அதிலேயே போட்டோம். ஒன்று போன வருடம் வாங்கியது, சுத்தமாகப் பாடியது. மற்ற இரண்டும் அவர் வாரா வாரம் கேட்டவை. பக்கம் முடிகிற இடத்தில் அதே ஓலைப்பாய்ச் சத்தம். அவர் ஒன்றும் பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

ஹெட்ஷெல்லைக் கழற்றி பிரான்ஸை மாட்டினேன். அதன் ஊசி ஃபைன் லைன் வகை, முனை உருண்டை அல்ல, பள்ளத்தின் சுவரில் புள்ளியாகத் தொடாமல் மேலிருந்து கீழாகக் கோடு போல நீளமாகத் தொடும். உருண்டை ஊசி எட்டாத உயரத்தில் தேயாத சுவர் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அதையும் சேர்த்துப் படிக்கும். 1.5 கிராம் கனம் வைத்து, அதே கடைசி உருப்படியில் இறக்கினேன். சிராய்ப்பு முழுக்கப் போகவில்லை. ஆனால் நாதஸ்வரம் மேலே ஏறுகிற இடத்தில் முன்பு உடைந்த சுரம் இப்போது உடையாமல் நின்றது, பின்னால் தவில்கூடத் தனியாகக் கேட்டது. இரண்டாவது தட்டு அவ்வளவு தேறவில்லை, அதில் சேதம் அதிகம்.

இந்த ஊசி எவ்வளவு ஆகும் என்று கேட்டார். அவருடைய புது மெஷினில் இந்த கார்ட்ரிட்ஜ் பொருந்துமா என்று பார்த்து, ஆர்ம் எடையை வைத்துக் கணக்குப் போட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். கோவையில் யாரை வைத்து மாட்டுவது, ஒயர் செருக யார் வருவார்கள் என்று யோசித்தோம். ஹெட்ஷெல்லோடு சேர்த்து நானே இங்கே பொருத்தி அனுப்பிவிட்டால் அவர் ஆர்மில் செருகித் திருகினால் மட்டும் போதும், நடுங்குகிற கையாலும் அது முடியும் என்று முடிவாயிற்று. போகும்போது அந்த முதல் தட்டை இன்னொரு தடவை போடச் சொன்னார், கடைசி உருப்படியை மட்டும்.